வவுச்சர் இல்லாத சிகரம்

பி.காம். முடித்ததும் நான் முதலில் போய்ச் சேர்ந்தது ஓர் ஆடிட்டர் ஆபீஸில். பிரமாதமான வேலை எதுவும் இல்லை. அடுத்தவன் அடுக்கி வைத்த வவுச்சர் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பச்சை இங்க்கில் டிக் அடிக்க வேண்டும். எங்கள் சீனியர் ஒரே ஒரு மந்திரம்தான் உபதேசித்தார்: "வவுச்சர் இருந்தா செலவு. இல்லேன்னா அது கதை!"

டீ வாங்கிவரக் கொடுத்த காசுக்கே பில் கேட்ட மகானுபாவர். அவரிடம் இருந்தது இரண்டே வருஷம். ஆனால் அந்தப் புத்தி மட்டும் என்னை விடவில்லை.

போன தீபாவளி லீவில் வீட்டிலிருந்த பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். அப்பா-அம்மா ஹனிமூன் ஆல்பம். ஊட்டி, 1985. அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் ஹனிமூனுக்கு வேறு ஊர் ஏது? அப்பாவிடம் ஓர் அக்ஃபா க்ளிக் த்ரீ இருந்தது. ஒரு ரோலுக்கு 12 போட்டோ. அந்தப் பன்னிரண்டில் ஒன்று சுத்தமான வெள்ளை. ஆள் இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. ஓரத்தில் மட்டும் லேசாக ஏதோ ஒரு நிழல். பின்னால் அப்பாவின் கையெழுத்து: "தொட்டபெட்டா. உன் அம்மா." அது எனக்காகப் பிற்பாடு எழுதியதாக இருக்கும்.

"இது வேஸ்ட்மா. தூக்கிப் போட்டுரட்டுமா?" என்றேன்.

அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அதுல நான் இருக்கேன்டா!"

"எங்கே?"

"மூடுபனிக்குள்ள."

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. மேற்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த ஆடிட்டர் மட்டும் முணுமுணுத்தான்: இது வவுச்சரா, கதையா?

இந்த ஜூலையில் அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப்போனேன். ஏன் ஜூலை? சீஸன் முடிந்து, ரூம் வாடகை பாதிக்கு வந்துவிடும். நான் அந்தப் பாதியும் கொடுக்கவில்லை. குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் என் காலேஜ் நண்பன் குவார்ட்டர்ஸில் இடம் கொடுத்தான். செலவு இ-பாஸ் எடுத்த நேரம் மட்டுமே!

அவன் ஆபீஸ் சுவரில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தது. பழுப்பேறியது. மொட்டை மொட்டையாக அலை அலையாகப் புல் மலைகள். இரண்டு மலை சேரும் மடிப்பில் மட்டும் கொஞ்சம் கருகருவென்று காடு.

"எந்த ஊர் சொல்லு மாப்ள?"

"ஸ்காட்லாந்து?"

"ஊட்டிடா!"

நம்ப முடியவில்லை. ஊட்டி என்றால் நமக்கு யூகலிப்டஸும் தைல வாசமும்தானே? ஆனால் யூகலிப்டஸ் வந்தேறி சார். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, விறகுக்காக நட்டு, பிறகு மலை மலையாகப் பரவியது. அதற்கு முன் அங்கே இருந்தது புல்வெளி. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல். இன்றைக்கு யாராவது "இங்கே மரமே இல்லை, வெறும் புல்தான்" என்று சொன்னால், நாம் அவரை ஏற இறங்கப் பார்ப்போம். அந்தப் பழுப்புப் போட்டோதான் வவுச்சர்.

இந்த வவுச்சர்களைச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் பென். ஏ.டி.டபிள்யூ. பென் என்றால் அந்தக் காலத்து ஊட்டியில் தெரியாதவர் இல்லை. 1849-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர். சின்ன வயதில் கப்பலேறி வந்து, 1870களில் ஊட்டியிலேயே சொந்தமாக ஸ்டூடியோ வைத்தார். துரைமார்களின் குடும்பப் போட்டோவில் சாப்பாடு ஓடியது. மலையும் அருவியும் தோடர் மந்தும் எடுத்தது தனிக் கணக்கு. 1924-ல் காலமானார். அந்த 1924-ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

அன்றைக்கு மலையில் போட்டோ எடுப்பது நம்மைப் போலப் பாக்கெட்டிலிருந்து போனை உருவுகிற சமாசாரம் இல்லை. பென் தொழில் கற்ற காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவவும் வேண்டும். ஆக, இருட்டு ரூமையும் கூடவே தூக்கிக்கொண்டு போகவேண்டும்! அதுதான் டார்க் டென்ட். யார் தூக்குவது? போட்டோவில் இல்லாதவர்கள்தான். சாமுவேல் போர்ன் என்று ஒரு மகா போட்டோகிராபர். 1869 வாக்கில் ஊட்டி, குன்னூரையும் எடுத்திருக்கிறார். 1863-ல் அவர் சிம்லாவிலிருந்து இமயமலைக்குக் கிளம்பியபோது கூடப் போனவர்கள் ஏறக்குறைய முப்பது கூலிகள். அப்படித் தூக்கிப்போய் எடுத்த போட்டோவைப் பார்த்து, "ஆஹா, மனித வாடையே இல்லாத மலை!" என்று லண்டனில் ரசித்தார்கள். கேமராவுக்கு இந்தப் பக்கம் முப்பது பேர் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தது லண்டனுக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் இப்படி அரட்டை அடித்துக்கொண்டிருந்ததை எஸ்டேட் ஹெட் கிளார்க் கேட்டுக்கொண்டே இருந்தார். ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருஷம் பாக்கி. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், நெய்யூர் பக்கம். திடீரென்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"எவரெஸ்ட்ல காணாமப் போன கேமரா ஒண்ணு உண்டு. அது எங்க ஊரு டாக்டருக்க கேமராவாக்கும். தெரியுமா மக்களே?"

நானும் நண்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனுஷன் ஏதோ விடுகிறார் என்று நினைத்தேன். குவார்ட்டர்ஸுக்கு வந்து ராத்திரி முழுக்கப் படித்த பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னது அத்தனையும் டிக் அடிக்கலாம்.

எவரெஸ்டுக்கு ஆள் அனுப்பிய அந்த முதல் வருஷங்களில் கேமராவும் ஒரு மெம்பர். 1921-ல் வழி பார்க்கப் போனவர்களில் ஜார்ஜ் மல்லோரி என்ற வாத்தியார் இருந்தார். நல்ல மலையேறி. ஆனால் போட்டோ விஷயத்தில் நம்ம அப்பாக்களின் ஜாதி. வாரக்கணக்கில் பனியில் ஏறி இறங்கி, யாரும் பார்த்திராத பள்ளத்தாக்கை எல்லாம் க்ளிக்கினார். கடைசியில் கழுவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கண்ணாடித் தகட்டை முன் பின்னாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்! மறுபடி மேலே ஏறிப்போய் முடிந்தவரை எடுத்து வந்தார் பாவம். ரோலைச் சரியாக மாட்டாமல் கல்யாண வீட்டை முழுசாகக் கோட்டைவிட்ட மாமாக்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

1922-ல் ஜான் நோயல் என்ற ராணுவ கேப்டனை முழுநேர கேமராக்காரராகவே அனுப்பினார்கள். அடிவாரத்தில் டென்ட் போட்டு, சாணி வரட்டி அடுப்பை மூட்டி, அந்தச் சூட்டில் ஃபிலிமைக் காயவைத்திருக்கிறார் மனுஷன். எருமைச் சாணி இல்லை, யாக் சாணி. தூசிதான் அவருக்கு ஜென்ம சத்ரு. 1924-ல் உஷாராகி, டார்ஜிலிங்கில் ஒரு லேபரட்டரியே கட்டி, எடுத்த ஃபிலிமை ஆள் மூலமாக அங்கே அனுப்பிவைத்தார். அந்த வருஷப் பட உரிமைக்கு அவர் போட்ட முதல் 8,000 பவுன். அந்தக் காலத்து எட்டாயிரம் பவுன் சார்! மலையேறிகளைவிட அவருக்குத்தான் சிகரம் அவசரமாகத் தேவைப்பட்டிருக்கும்.

தூசியும் சூடும் ஃபிலிமுக்கு ஆகாது என்ற இதே கணக்கில்தான் பின்னாளில் நம் அரசாங்கம் ஃபிலிம் ஃபாக்டரிக்கு ஊட்டியைத் தேர்ந்தெடுத்தது. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் கம்பெனி, 1967-ல் உற்பத்தி. சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், சாதா ரோல் எல்லாம் "இந்து" என்ற பெயரில் அங்கிருந்துதான் கீழே இறங்கின. அந்தப் பகுதிக்கே இந்து நகர் என்று பெயர் வந்துவிட்டது. கலரும் வெளிநாட்டுப் போட்டியும் வந்தபிறகு 1990களில் நலிந்து, பின்னால் மூடியே விட்டார்கள். அப்பா 1985-ல் மாட்டியதும் இந்து ரோல்தான். "ஊட்டியிலேயே செஞ்ச ரோல், ஊட்டியிலேயே போட்டோ" என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டாராம். அந்த வெள்ளை போட்டோவுக்கு ரோல் பொறுப்பில்லை. மற்ற பதினொன்றும் இன்றைக்கும் கத்தி மாதிரி இருக்கின்றன.

சரி, நெய்யூர் டாக்டருக்கு வருவோம். ஹோவர்ட் சாமர்வெல். இங்கிலாந்தின் கெண்டல் ஊர்க்காரர். குடும்பத் தொழில் செருப்பு, ஷூ. இவர் படித்தது சர்ஜரி. முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் வரிசையாகக் கிடந்தவர்களுக்கு அறுவை செய்தவர். படம் வரைவார், சங்கீதம் தெரியும், மலை ஏறுவார். 1922 எவரெஸ்ட் கோஷ்டியில் அவரும் உண்டு. அந்த வருஷம் ஜூன் 7-ம் தேதி பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் செத்துப்போனார்கள். வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் பிழைத்துவிட்டார்கள். நம்மில் ஒருவர்கூடச் சாகவில்லையே என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி. பின்னாளில் எழுதியே வைத்தார்.

ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி. வாசலில் முடிவில்லாத ஜனக்கூட்டம், உள்ளே களைத்துப்போன ஒரே ஒரு டாக்டர். பார்த்தார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருந்த உத்தியோகத்தை வேண்டாம் என்றுவிட்டு, நெய்யூர்தான் என்று முடிவு செய்தார். என் வேலையை நான் ராஜினாமா செய்ய நினைத்து நினைத்து, இன்க்ரிமென்ட் மாசம் பார்த்து ஒத்திப் போட்டவன். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தேன்.

1924-ல் நெய்யூரிலிருந்தே மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஜூன் 4-ம் தேதி அவரும் நார்ட்டன் என்பவரும் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறினார்கள். சாமர்வெல்லுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "நீ போ" என்று உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் 8,573 மீட்டர் வரை போய்த் திரும்பினார். சிலிண்டர் இல்லாமல் அதைவிட உயரம் யாரும் போக 1978 வரை ஆயிற்று. அங்கே உட்கார்ந்த இடத்திலிருந்து சாமர்வெல் ஒரு போட்டோ எடுத்தார். ஓட்டுக்கூரை போலச் சரிந்த பாறைகள். அதில் குச்சியை ஊன்றிக் குனிந்து போகும் ஒரு சின்ன உருவம். அவ்வளவுதான். எவரெஸ்ட் பற்றி வந்த போட்டோக்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். மாலை இல்லை, கொடி இல்லை, வெற்றியும் இல்லை. மூச்சுவிட முடியாத ஒருவர், அடி எடுத்து வைக்க முடியாத இன்னொருவரைப் படம் எடுத்திருக்கிறார்.

இறங்கும்போது தொண்டை முழுசாக அடைத்து, சாகப் போகிறோம் என்று உட்கார்ந்தேவிட்டார் சாமர்வெல். கடைசியாகத் தன் நெஞ்சைத் தானே இரண்டு கையாலும் அழுத்த, அடைத்திருந்த சதை ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. பிழைத்தார். டாக்டராக இருப்பதில் ஒரு சௌகரியம்.

அவர் இறங்கி வர, மல்லோரி ஏறக் காத்திருந்தார். ஆமாம், அதே தகட்டைத் திருப்பிப் போட்ட மல்லோரி. இந்தமுறை தன் கேமராவையே மறந்துவிட்டு வந்திருந்தார்! சாமர்வெல் தன்னுடையதைக் கொடுத்தார். வெஸ்ட் பாக்கெட் கோடக். மடித்தால் சட்டைப் பையில் போகும் சின்னக் கேமரா.

ஜூன் 8, மதியம் ஒரு மணி இருக்கும். கீழே இருந்து ஓடெல் என்பவர் நிமிர்ந்து பார்த்தபோது மேகம் விலகியது. சிகரத்துக்குக் கீழே மேட்டில் கறுப்பாக ஒரு புள்ளி, பின்னாலேயே இன்னொரு புள்ளி. மல்லோரியும் 22 வயது இர்வினும். மேகம் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர்களை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. நோயல் தன் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் காத்திருந்தார். கடைசியில் அவர் கேமராவில் விழுந்தது, மேலே பனியில் போர்வைகளைச் சிலுவை போல விரித்து வைத்த காட்சி. 'தடயம் இல்லை' என்பதற்கு அதுதான் சங்கேதம்.

ஏறிவிட்டுச் செத்தார்களா, ஏறும் முன்பா? நூறு வருஷம் தாண்டியும் பதில் இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. எங்கே எழுதுவது என்று தெரியாத தொகையை எல்லாம் தள்ளி வைக்கும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். மல்லோரி 1924-லிருந்து அங்கேதான் இருக்கிறார்.

1999 மே 1-ம் தேதி மல்லோரியின் உடல் கிடைத்தது. 8,155 மீட்டரில், குப்புறப் படுத்தபடி. பையில் பனிக் கண்ணாடி இருந்தது, கத்தி இருந்தது, கடிதங்கள் எழுத்து அழியாமல் இருந்தன. கேமரா இல்லை. இன்னொன்றும் இல்லை. அவர் மனைவி ரூத்தின் போட்டோ. சிகரம் ஏறினால் அங்கே வைத்துவிட்டு வருவதாகச் சொல்லி எடுத்துப்போனார் என்பது குடும்பத்தார் சொல்வது. கடிதம் பத்திரமாக இருக்கிறது, போட்டோ மட்டும் இல்லை என்றால்? மேலே வைத்துவிட்டார் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இல்லாத காகிதத்துக்கு எப்படி சார் டிக் அடிப்பது?

2024 செப்டம்பரில் கீழே பனியாற்றில் இர்வினின் ஒரு பூட்ஸும் பாதமும் கிடைத்தன. சாக்ஸில் பெயர் தைத்திருந்தது. கேமரா அப்போதும் கிடைக்கவில்லை. கிடைத்தால் அந்தக் குளிரில் ஃபிலிம் கெடாமல் இருக்கலாம், கழுவிப் பார்க்கலாம் என்கிறார்கள்.

இடையில் 1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் ஏறியதைச் சொல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது. சிகரத்தில் டென்சிங் நிற்கும் போட்டோதான் இருக்கிறது. ஹிலாரி நிற்கும் போட்டோ கிடையாது. எடுத்தவர் அவராயிற்றே! ஆனால் ஆசாமி விவரம். நாலா பக்கமும் கீழே இறங்கும் மலை முதுகுகளை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டார். உச்சியில் நின்றால்தான் அப்படித் தெரியும். எங்கள் சீனியர் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்.

சாமர்வெல் என்ன செய்தார்? நெய்யூருக்குத் திரும்பிப்போய், வயிற்றுப் புண்ணோடு வந்து நின்ற ஜனங்களுக்கு ஆபரேஷன் செய்தார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அங்கேதான். அதற்கப்புறம் வேலூர் சி.எம்.சி.யில் 1961 வரை. ஊர் திரும்பி 1975-ல் காலமானார். கேரள எல்லையில் காரக்கோணத்தில் அவர் பெயரில் ஒரு மெடிக்கல் காலேஜே இருக்கிறது.

மறுநாள் காலை ஹெட் கிளார்க்கிடம் போய், "சார், நீங்க சொன்னது அத்தனையும் கரெக்ட்" என்றேன். அவருக்கு அதில் ஒன்றும் சந்தோஷமில்லை. ஒரு கேமராவுக்காக ராத்திரி முழுக்கக் கண் விழித்தவனை விசித்திரமாகப் பார்த்தார்.

"எங்க தாத்தாவுக்க வயித்தைக் கீறினது அவருதான். நான் சின்னதுல அந்தத் தழும்பைத் தொட்டுப் பாத்திருக்கேன். கேமரா கெடந்தா என்ன, கெடக்காட்டா என்ன மக்களே?" என்று லெட்ஜரைத் திறந்துகொண்டார்.

அன்று மத்தியானம் அம்மாவைத் தொட்டபெட்டாவுக்குக் கூட்டிப்போனேன். 2,637 மீட்டர். சாமர்வெல் தொண்டை அடைத்து உட்கார்ந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கே அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். மேலே போனால் வெள்ளை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக நின்று, தெரியாத மலையை ஆளாளுக்கு போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கம்பி வேலிப் பக்கம் போய், இங்கும் அங்கும் நகர்ந்து ஒரு இடம் பார்த்து நின்றாள். மங்கி குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இங்கதான். அப்பவும் குல்லாவைக் கழட்டச் சொன்னார். நான் மாட்டேன்னுட்டேன், காது குளிருதுன்னு. அதுக்குள்ள பனி மூடிடுச்சு. ஒரே கோவம் அவருக்கு. பஸ்ல கோத்தகிரி வரைக்கும் பேசலை."

நாற்பது வருஷமாக ஆல்பத்தில் இருந்த போட்டோ. இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

"சிரிம்மா" என்று போனைத் தூக்கினேன். க்ளிக் செய்யும் நேரத்தில் காற்று திரும்பி, பனி சுருட்டிக்கொண்டு வந்தது.

"விழுந்துதா?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

பார்த்தேன். ஓரத்தில் லேசாக ஒரு நிழல்.

"விழுந்துது."

"அப்ப அதையும் பிரிண்ட் போட்டுடு. பின்னாடி பேரு, தேதி எழுத மறந்துடாதே."